வைல்ட்வுட் கடற்கரை மோட்டலில் குடும்பத்தோடு தங்குவது: பருவம் வாரியாக ஒரு முழுமையான வழிகாட்டி

மே மாதக் கடைசியில் நாங்கள் முதன்முதலாக அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநிலத்துக் கடலோர ஊரான வைல்ட்வுட் சென்றபோது வெயில் 28 டிகிரி அடித்துக்கொண்டிருந்தது. காரை நிறுத்திய கையோடு பிள்ளைகள் இருவரும் மணலைக் கடந்து ஓடி, முழங்கால் வரை அலையில் இறங்கி, அதே வேகத்தில் அலறிக்கொண்டு திரும்பி வந்தார்கள். தண்ணீர் 14 டிகிரிதான் இருந்தது. மூன்று இரவுக்கு முன்பணம் கட்டி எடுத்த கடலோர அறை அது. அந்த மூன்று நாளும் அவர்கள் மோட்டலின் சூடேற்றிய நீச்சல் குளத்திலேயே கிடந்தார்கள். கடலைப் பால்கனியிலிருந்து பார்த்ததோடு சரி. பிறகு ஓர் ஆண்டு, அதே மோட்டலில் செப்டம்பர் இரண்டாம் வாரம் ஏறக்குறையப் பாதி வாடகைக்குத் தங்கினோம். அப்போது அவர்களைத் தண்ணீரிலிருந்து கரைக்கு இழுத்து வருவதே பெரும்பாடாக இருந்தது.

சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ வளர்ந்தவர்களுக்கு, வெயில் அடித்தால் கடலும் வெதுவெதுப்பாக இருக்கும் என்பது கேள்வி கேட்காத நம்பிக்கை. வங்காள விரிகுடா மார்கழியிலும் பாதத்தைக் குளிர வைப்பதில்லை. நியூஜெர்ஸியை ஒட்டிய அட்லாண்டிக் அப்படிப்பட்ட கடல் அன்று. அது நிலத்தைவிடப் பல வாரம் பின்தங்கிச் சூடாகி, அதே அளவு பின்தங்கிக் குளிர்கிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு, அறையைத் தேடுவதற்கு முன் பருவத்தை முடிவு செய்துவிட்டால் மற்ற முடிவுகள் பெரும்பாலும் தாமாகவே அமைந்துவிடும். மாநிலத்தின் நடுப்பகுதியிலுள்ள எடிசன், பிஸ்காட்டவே ஊர்களிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத் தொலைவில் இருப்பதால், நம்மவர்கள் பலர் நல்ல வெயிலைப் பார்த்ததும் சட்டென்று கிளம்பிவிடும் ஊர் இது. ஆகவே இங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ஊரைப் புரிந்துகொள்ளுங்கள்

வைல்ட்வுட் என்று பொதுவாகச் சொன்னாலும், நியூஜெர்ஸியின் தென்முனையில் கேப் மே மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு நீண்ட மணல் தீவில் வடக்கிலிருந்து தெற்காக வரிசையாக அமைந்த மூன்று ஊர்களை அந்தப் பெயர் குறிக்கிறது: நார்த் வைல்ட்வுட், வைல்ட்வுட், வைல்ட்வுட் கிரெஸ்ட். மூன்றிலும் கடற்கரைக்குக் கட்டணம் கிடையாது. பக்கத்திலுள்ள கேப் மே, ஸ்டோன் ஹார்பர், ஓஷன் சிட்டி போன்ற ஊர்களில் கோடைக்காலத்தில் பெரியவர் ஒவ்வொருவரும் மணலில் கால் வைக்கக் கட்டண வில்லை வாங்கியாக வேண்டும். ஆறு பேர் கொண்ட கூட்டுக் குடும்பத்துக்கு நான்கு நாளில் அது கணிசமான தொகையாகிவிடும்.

மரப்பலகை பரப்பிய நடைமேடையான போர்டுவாக் இரண்டு மைலுக்கும் மேல் நீள்கிறது. ராட்டினங்களும் தின்பண்டக் கடைகளும் விளையாட்டுக் கூடங்களும் அதன்மேல்தான் இருக்கின்றன. 1949 முதல் அங்கே ஓடும் மஞ்சளும் நீலமுமான டிராம் வண்டிகள், 1939இல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சிக்காகச் செய்யப்பட்டவை. 'டிராம் வண்டியைக் கவனியுங்கள்' என்று ஒரே பெண்குரல் பதிவு ஓயாமல் ஒலித்துக்கொண்டே அவை நம்மைக் கடந்து போகும். மூன்றாம் நாள் முடிவில் சின்னவள் தூக்கத்தில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குடும்பத்துக்கு எது பொருந்தும் என்று கேட்டால், சிறு குழந்தைகளும் வயதானவர்களும் இருந்தால் வைல்ட்வுட் கிரெஸ்டைத்தான் சொல்வேன். அங்கே போர்டுவாக் கடைகள் இல்லை. கடலை ஒட்டி நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஒரு பாதை மட்டும் உண்டு. ஊருக்குள் மது விற்பனையும் கிடையாது. பதின்பருவப் பிள்ளைகள் இருந்தால் வைல்ட்வுட்டின் நடுப்பகுதியில் தங்குவது அவர்களுக்குப் பிடிக்கும், ஆனால் இரவு பதினொரு மணி வரை இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நார்த் வைல்ட்வுட்டில் கடல் மணலை அரித்துக்கொண்டே வருகிறது. அங்கே அரிபடும் மணல் தெற்கே நகர்ந்து வைல்ட்வுட்டிலும் கிரெஸ்டிலும் சேர்வதால், ஓரிடத்தில் கடல் ஏறிவரும் உயர் ஓதத்தின்போது விரிப்புப் போட இடம் தேட வேண்டியிருக்கும், இன்னோரிடத்தில் தண்ணீரைத் தொடவே பல நூறு அடி நடக்க வேண்டியிருக்கும்.

இந்த ஊரின் பழைய மோட்டல்கள் தனி அழகு கொண்டவை. 1950களிலும் 60களிலும் காரில் விடுமுறைக்கு வந்த குடும்பங்களுக்காகக் கட்டப்பட்டவை அவை. இரண்டு அல்லது மூன்று மாடி, நடுவில் நீச்சல் குளம், குளத்தைச் சுற்றி 'ட' வடிவில் அறைகள், சாய்ந்த கூரை, நியான் விளக்கு, பிளாஸ்டிக் தென்னை அல்லது பனை. டூ-வாப் பாணி என்று இதைக் குறிப்பிடுகிறார்கள். 2000களின் நிலவிலை ஏற்றத்தில் பல இடிக்கப்பட்டுவிட்டாலும், 1957இல் கட்டப்பட்ட கரீபியன் மோட்டல் போன்ற சில காப்பாற்றப்பட்டு, தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டிலும் இடம்பெற்றுள்ளன. அறைக் கதவு நேராக வெளித் தாழ்வாரத்துக்குத் திறப்பதும் கார் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் நிற்பதும் குடும்பத்தோடு வருபவர்களுக்கு எவ்வளவு வசதி என்பது, ஈர உடையோடு நான்கு பேர் ஒரு நட்சத்திர விடுதியின் லிஃப்டில் ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்து, மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் மோட்டல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். வாடகை குறைவு, கூட்டம் இல்லை, கடல் குளிர். இந்தப் பருவத்தில் போவதென்றால் கடல்நீரைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டு, சூடேற்றிய நீச்சல் குளம் உண்டா, அது எந்தத் தேதியில் திறக்கும் என்று கேட்டுப் போக வேண்டும். ஆனால் மே மாதத்துக்கென்று ஒரு காட்சி உண்டு, அதை வேறெந்த மாதமும் தராது. தீவிலிருந்து அரை மணி நேரக் கார் பயணத்தில் டெலவேர் விரிகுடாவின் கரையை அடைந்தால், மே, ஜூன் மாதங்களில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஓத நேரங்களில் குதிரைலாட நண்டுகள் ஆயிரக்கணக்கில் கரையேறி முட்டையிடுவதைப் பார்க்கலாம். தென் அமெரிக்காவிலிருந்து ஆர்க்டிக்குக்குப் பறக்கும் ரெட் நாட் என்னும் சிறு கரைப்பறவைகள் அந்த முட்டைகளைத் தின்று உடலைத் தேற்றிக்கொண்டு மேலே பயணப்படுகின்றன. பறவைகளைக் கலைக்கக்கூடாது என்பதற்காக அந்தக் கரைகளின் பல பகுதிகள் இந்த வாரங்களில் மூடப்பட்டிருக்கும். ரீட்ஸ் பீச் போன்ற இடங்களில் ஒதுக்கப்பட்ட மேடையில் நின்று பார்க்க வேண்டும். வேலையில் ஓய்வுபெற்ற பெற்றோர் ஊரிலிருந்து வந்திருந்தால், ராட்டினத்தைவிட இதுவே அவர்களுக்கு நினைவில் நிற்கும்.

மே கடைசித் திங்களன்று வரும் பொது விடுமுறையான மெமோரியல் டேயின் வார இறுதியையும், அதையடுத்து ஜூன் நடுப்பகுதி வரையிலான வார இறுதிகளையும் சிறுபிள்ளைகள் உள்ள குடும்பங்கள் தவிர்ப்பதே நல்லது. பள்ளி இறுதியாண்டு மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து கொண்டாடும் நாட்கள் அவை. 2024ஆம் ஆண்டு மெமோரியல் டே வார இறுதியில் இளைஞர் கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் வைல்ட்வுட் நகரம் ஒரே இரவுக்கு அவசரநிலை அறிவிக்க நேர்ந்தது. வேறு வழியில்லாமல் அந்த நாட்களில் போக நேர்ந்தால், பெற்றோர் உடன் வராத இளைஞர்களுக்கு அறை தருவதில்லை என்று வெளிப்படையாக விதி வைத்திருக்கும் மோட்டலாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். அத்தகைய விதி கண்டிப்பாக இருப்பதே அது குடும்பங்களுக்கான இடம் என்பதற்கு நம்பகமான அடையாளம். விளம்பரத்தில் சிரிக்கும் குழந்தையின் படம் எவரும் போடலாம்.

ஜூன் பிற்பகுதியில் தண்ணீர் 19, 20 டிகிரியைத் தொடும். ஜூலையில் 22, ஆகஸ்டில் 23, 24. இதுதான் உச்சப் பருவம், வாடகையும் உச்சம். வார இறுதிகளில் குறைந்தது இரண்டு அல்லது மூன்று இரவு, ஜூலை 4 சுதந்திர தினம் வரும் வாரத்தில் அதற்கும் மேல் தங்கினால்தான் அறை தருவார்கள். வெள்ளிக்கிழமை இரவுகளில் கடற்கரையில் வாணவேடிக்கை நடக்கும். கையில் இருக்கும் விடுமுறை நாட்கள் குறைவு என்றால் ஞாயிறு மாலை வந்து வியாழன் காலை கிளம்புங்கள். வாடகையும் குறையும், கார்டன் ஸ்டேட் பார்க்வே நெடுஞ்சாலையில் ஊர்ந்து போகும் வேதனையும் மிச்சமாகும்.

இந்த உச்சப் பருவத்தில் எவரும் முன்கூட்டிச் சொல்லாத இரண்டு தொல்லைகள் உண்டு. இரண்டுக்கும் காரணம் காற்று. முதலாவது, தென்மேற்குக் காற்று சில நாள் தொடர்ந்து வீசினால், பூமியின் சுழற்சியால் கடலின் மேற்பரப்பு நீர் கரையைவிட்டு வெளியே தள்ளப்பட்டு, அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வரும். வெளியே 33 டிகிரி கொளுத்திக்கொண்டிருக்க, ஓரிரு நாளில் தண்ணீர் ஐந்தாறு டிகிரி இறங்கிவிடும். ஜூலை நடுவில் மே மாதக் கடலைச் சந்திக்க நேர்வது இப்படித்தான். காற்று திசை மாறினால் இரண்டு, மூன்று நாளில் சரியாகிவிடும். இரண்டாவது, கிரீன்ஹெட் என்னும் பச்சைக்கண் ஈ. தீவுக்கும் நிலத்துக்கும் இடையிலான உப்புச் சதுப்பில் ஜூலையில் பெருகும் இந்த ஈக்கள், மேற்கிலிருந்து காற்று வீசும் நாளில் கடற்கரைக்கு வந்துவிடும். கொசுவைப் போல உறிஞ்சாமல், தோலை அறுத்து இரத்தம் குடிக்கும் இனம் அது. பூச்சி விரட்டித் தைலத்துக்குப் பெரிதாக அஞ்சாது. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்து அதைப் பார்த்தே நாளைத் திட்டமிட்ட நம் கடற்கரைக்காரர்களின் வழக்கத்தை இங்கே பின்பற்றுவது பயன் தரும். காலையில் கைப்பேசியில் காற்றின் திசையைப் பாருங்கள். கடலிலிருந்து வீசினால் கடற்கரை. மேற்கிலிருந்து வீசினால் அன்று குளம், அல்லது கேப் மே கோர்ட் ஹவுஸ் என்னும் ஊரில் நுழைவுக் கட்டணம் இல்லாத மாவட்ட மிருகக்காட்சிசாலை.

செப்டம்பர் முதல் திங்கள், தொழிலாளர் தினமான லேபர் டே. அன்றிரவோடு ஊர் பாதி காலியாகிவிடும். ஆனால் கடலுக்கு நாட்காட்டி தெரியாது. செப்டம்பர் நடுப்பகுதி வரை தண்ணீர் 21, 22 டிகிரியில் நிற்கும், பச்சைக்கண் ஈ மறைந்திருக்கும், மணல் பகலிலும் வெறுங்காலுக்குச் சுடாது. பள்ளி தொடங்கிவிட்டதே என்பதுதான் ஒரே தடை. பள்ளி வயதை எட்டாத குழந்தைகள் உள்ளவர்களும், தாத்தா பாட்டியோடு வருபவர்களும் இந்த மாதத்தை விட்டுவிட்டு ஜூலையில் இரட்டிப்பு வாடகை கொடுப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. மற்றவர்கள் வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு மாலை திரும்பலாம். இரண்டை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும்: ராட்டினங்கள் பெரும்பாலும் வார இறுதியில் மட்டுமே இயங்கும், உயிர்காப்பாளர்கள் இருக்கும் நாட்களும் இடங்களும் சுருங்கிவிடும்.

அக்டோபர் முதல் வாரம் கழிந்ததும் கடல் மறுபடியும் பார்ப்பதற்கு மட்டும். செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் கேப் மே முனையில் பறவைகளுக்கும் பட்டாம்பூச்சிகளுக்கும் உரியவை. தெற்கே வலசை போகும் பருந்துகளும் வல்லூறுகளும் விரிகுடாவைக் கடக்கும் முன் அந்தக் குறுகிய முனையில் குவிகின்றன. மெக்சிகோவுக்குப் பறக்கும் மோனார்க் பட்டாம்பூச்சிகள் மாலையில் மரங்களில் கொத்துக்கொத்தாக அடைகின்றன. 1859இல் கட்டப்பட்ட கேப் மே கலங்கரை விளக்கத்தின் 199 படிகளையும் வியர்க்காமல் ஏற ஏற்ற மாதம் இதுவே.

நவம்பரிலிருந்து மார்ச் வரை பெரும்பாலான பழைய மோட்டல்கள் குழாய்களில் நீரை வடித்துவிட்டுப் பூட்டிவிடும். குளிர்காப்பு இல்லாமல் கட்டப்பட்ட சுவர்கள் அவை; குழாயில் நீர் தங்கினால் உறைந்து வெடித்துவிடும். திறந்திருக்கும் சிலவற்றில் வாடகை மிகக் குறைவு. பல சிக்னல்கள் மஞ்சளில் மட்டும் மின்னிக்கொண்டிருக்கும், உணவகங்களில் பத்துக்கு எட்டு பூட்டியிருக்கும், டிசம்பரில் மாலை ஐந்து மணி வாக்கிலேயே இருட்டிவிடும். இந்த அமைதிக்காகவே போகிறவர்கள் உண்டு, நானும் ஒருமுறை போனேன்; ஆனால் பத்து வயதுக்குக் கீழ் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். போவதென்றால், அறையில் உண்மையான வெப்பக்கருவி உண்டா, குளிரூட்டியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு சூடேற்றி மட்டும்தானா என்று கேளுங்கள். அந்த வார இறுதியில் ஊரின் மாநாட்டு மண்டபத்தில் பள்ளி விளையாட்டுப் போட்டி எதுவும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் காலி ஊரில்கூட அறை கிடைக்காது.

பதிவு செய்யும் முன் தொலைபேசியில் கேட்க வேண்டியவை

இணையத்தில் பதிவு செய்வது எளிது என்றாலும், குடும்பமாக நடத்தும் சிறு மோட்டல்களில் ஒரு தொலைபேசி அழைப்பு செய்யும் வேலையை எந்தச் செயலியும் செய்வதில்லை. எதிர்முனையில் பேசுபவர் பெரும்பாலும் உரிமையாளராகவோ பல ஆண்டு அங்கேயே இருப்பவராகவோ இருப்பார். எந்த அறையில் வெயில் அடிக்கும், எந்த அறை ஐஸ் இயந்திரத்துக்குப் பக்கம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

முதற்கேள்வி, 'கடலோரம்' என்பதற்கு அவர்கள் கொள்ளும் பொருள். கடலை நேராகப் பார்க்கும் அறை, பக்கவாட்டில் கழுத்தை நீட்டினால் கடல் தெரியும் அறை, கடற்கரைத் தெருவில் இருந்தும் வாகன நிறுத்தத்தைப் பார்க்கும் அறை ஆகிய மூன்றும் ஒரே மோட்டலில் மூன்று விலைக்கு இருக்கும். ஜூலையில் நாள் முழுதும் மணலில் கிடக்கப் போகிறவர்களுக்கு மூன்றாம் வகையே போதும். மே மாதத்திலும் அக்டோபரிலும் கடலை அறையிலிருந்துதான் பார்க்கப் போகிறீர்கள் என்பதால், அப்போதுதான் நேர்முக அறைக்குக் காசு கொடுக்க வேண்டும். அப்போது அது மலிவாகவும் கிடைக்கும்.

அடுத்தது படி. பல பழைய கட்டடங்களில் லிஃப்ட் இல்லை. முழங்கால் வலி உள்ள அம்மாவுக்குத் தரைத்தள அறை வேண்டும் என்றால் பதிவின்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'வரும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்ற பதிலை நம்பி ஒருமுறை மூன்றாம் மாடியில் மாட்டிக்கொண்டோம், மாமியார் இரண்டு நாளும் கீழே இறங்கவேயில்லை. அதே சமயம், நடை பழகும் குழந்தை இருந்தால் தரைத்தளத்தில் கதவைத் திறந்ததும் குளம் வரும் அறையைத் தவிருங்கள். மோட்டல் குளங்களில் பொதுவாக உயிர்காப்பாளர் இருப்பதில்லை. குளத்துக்கு வேலியும் தானே மூடிக்கொள்ளும் கதவும் உண்டா, மேல்மாடிக் கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்பதையும் கேட்கலாம். கேட்டதற்காக எவரும் கோபித்துக்கொண்டதில்லை.

மூன்றாவது சமையல். எஃபிஷியன்சி என்று குறிப்பிடப்படும் அறைகளில் சிறு சமையலறை இருக்கும். ஆனால் சில இடங்களில் அடுப்பும் முழு அளவுக் குளிர்பதனப் பெட்டியும் இருக்கும், சிலவற்றில் மைக்ரோவேவ் மட்டுமே இருக்கும். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். சொந்த மின்சார அடுப்பைக் கொண்டுவர அனுமதிக்காத இடங்கள் உண்டு, அரிசி குக்கரை அனுமதிப்பார்களா என்று தனியாகக் கேளுங்கள்.

நான்காவது மொத்தத் தொகை. சொல்லப்படும் வாடகையோடு 6.625 சதவீத விற்பனை வரி, தங்குமிடக் கட்டணம், சுற்றுலாக் கட்டணம் ஆகியவை சேரும். சிலர் தனியாக ஒரு 'ரிசார்ட் கட்டணமும்' போடுவார்கள். ஓர் அறைக்கு ஒரு கார்தான் நிறுத்தலாம் என்பது பொதுவான நடைமுறை, ஆகவே இரண்டு குடும்பம் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் திட்டம் இருந்தால் இரண்டாவது காருக்கு இடம் தேட வேண்டும். ரத்து விதியைக் கடைசியாகக் கேளுங்கள், ஆனால் கவனமாகக் கேளுங்கள். கோடையில் இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லாவிட்டால் முன்பணம் திரும்பாத மோட்டல்கள் உண்டு. மழை பெய்வது ரத்துக்குக் காரணமாகாது. சூறாவளியால் ஊரைக் காலி செய்யும் உத்தரவு வந்தால் பணம் திரும்புமா, வேறு தேதிக்கு மாற்றித் தருவார்களா என்பதை ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் பதிவுகளில் தனியாகக் கேட்பது அவசியம்.

பெட்டி கட்டும்போது

அறைத் துண்டுகளைக் கடற்கரைக்குக் கொண்டுபோக விட மாட்டார்கள். வெள்ளை அல்லாத துண்டுகளை வீட்டிலிருந்து கொண்டுவந்தால் குழப்பமும் வராது. சக்கரம் அகலமான இழுவண்டி ஒன்று இருந்தால், குடையும் நாற்காலியும் தண்ணீரும் தூங்கிப்போன குழந்தையும் அதிலேயே போய்விடும். இந்தத் தீவின் மணற்பரப்பின் அகலத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். சூரியன் கடலிலிருந்து உதிப்பதால் ஜூன் மாதத்தில் ஐந்தரை மணிக்கே அறைக்குள் வெளிச்சம் பாயும். குழந்தை தூங்க வேண்டுமென்றால் திரைச்சீலையைச் சேர்த்துப் பிடிக்க நான்கு கிளிப்புகள் போதும். மே, செப்டம்பர், அக்டோபரில் பகல் எவ்வளவு வெதுவெதுப்பாக இருந்தாலும் மாலைக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

உணவு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சைவக் குடும்பங்கள் இங்கே பீட்சாவிலும் பிரெஞ்சு ஃபிரைஸிலும் இரண்டு நாளைத் தள்ளிவிட்டு மூன்றாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். இட்லி மாவை ஐஸ் பெட்டியில் கொண்டுபோகலாம், ஆனால் கோடையில் இரண்டு மணி நேரக் கார் பயணத்தில் அது பொங்கி மூடியைத் தள்ளிவிடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் இருந்தால் வெறும் சோற்றோடு மூன்று நாளை ஓட்டிவிடலாம். தாளிப்பை வீட்டிலேயே முடித்துக் கொண்டுபோவது நல்லது. சிறிய அறையில் எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கும்போது எழும் புகைக்கு, தலைக்கு மேலே இருக்கும் புகையெச்சரிக்கைக் கருவி பொறுத்துப் போகாது. ஒருமுறை மிளகாய் வற்றல் கருகி, அதன் அலறலில் தாழ்வாரம் முழுக்கக் கதவுகள் திறந்தன. பால், தயிர், காய்கறிக்குத் தீவுக்குள் நுழையும் முன்பே ரியோ கிராண்ட் என்னும் ஊரில் வால்மார்ட்டும் சூப்பர் மார்க்கெட்டும் இருக்கின்றன. பார்க்வேயில் 4ஆம் வெளிவழியில் (எக்ஸிட்) இறங்கினால் அவற்றைத் தொட்டுவிட்டு வைல்ட்வுட்டுக்குள் போகலாம். நார்த் வைல்ட்வுட்டுக்கு 6ஆம் வெளிவழி.

அறைக்குள் முதல் பத்து நிமிடம்

மூன்று மணிக்குச் சாவி வாங்கியதும் பெட்டிகளைக் குளியலறைத் தரையில் வைத்துவிட்டுப் படுக்கையைப் பாருங்கள். மெத்தையின் மூலைத் தையலைத் தூக்கிப் பார்த்தால், மூட்டைப்பூச்சி இருந்தால் கறுப்புப் புள்ளிகள் தெரியும். பிறகு குளிரூட்டி, குளிர்பதனப் பெட்டி, வெந்நீர், கதவின் மேல்தாழ்ப்பாள். கடற்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால், பால்கனிக் கைப்பிடியை இரு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். குறை இருந்தால் அப்போதே சொன்னால் வேறு அறை கிடைக்க வாய்ப்புண்டு. மாலை ஆறு மணிக்குப் பிறகு ஊரே நிரம்பியிருக்கும்.

கடற்கரையில்

உயிர்காப்பாளர் அமர்ந்திருக்கும் நேரத்திலும் இடத்திலும் மட்டுமே குளிப்பது என்பதை வீட்டு விதியாக வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் அவர்கள் காலை பத்து மணி வாக்கில் வந்து மாலை ஐந்து, ஐந்தரைக்கு இறங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு தண்ணீர் அழகாகவும் அமைதியாகவும் தோன்றும் நேரத்தில்தான் விபத்துகள் நடக்கின்றன. ரிப் கரண்ட் என்னும் இழுவை நீரோட்டம் ஆளை அடியில் இழுப்பதில்லை, கரையிலிருந்து கடலை நோக்கி இழுக்கும். கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போவதுதான் ஆபத்து. மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும், அல்லது கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தைவிட்டு வெளியேறிய பிறகு கரை நோக்கித் திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாத தந்தை மகளைக் காப்பாற்றக் குதிப்பதைவிட, மிதக்கும் பொருள் ஒன்றை எறிவதும் 911 என்னும் அவசர எண்ணை அழைப்பதும் உயிரைக் காக்கும்.

செப்டம்பரைப் புகழ்ந்ததற்கு ஈடாக ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அட்லாண்டிக்கின் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் உச்சம் செப்டம்பர் நடுப்பகுதி. பல நூறு மைலுக்கு அப்பால் போகும் புயல்கூட இந்தக் கரைக்குப் பெரும் அலைகளை அனுப்பும். 2025 ஆகஸ்டில் எரின் சூறாவளி கரையைத் தொடாமலே கடந்து போனபோது, நியூஜெர்ஸியின் பல கடற்கரைகளில் கடலில் இறங்கவே தடை விதித்தார்கள். வானம் நீலமாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்; கடற்கரையில் ஏற்றியிருக்கும் எச்சரிக்கைக் கொடியைப் பாருங்கள். அக்டோபரிலிருந்து நார்ஈஸ்டர் எனப்படும் வடகிழக்குப் புயல்கள் தொடங்கும். வடகிழக்குக் காற்றோடு பௌர்ணமி அல்லது அமாவாசை ஓதமும் சேர்ந்தால், கடல் பக்கத்தைவிடத் தீவின் பின்பக்கக் கழிமுகத் தெருக்களில்தான் நீர் முதலில் ஏறும். அப்படிப்பட்ட நாளில் ஓத அட்டவணையைப் பார்த்து, உயர் ஓதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே காரை எடுத்துவிடுங்கள். உப்புநீரில் ஓட்டிய காரின் அடிப்பாகம் பிறகு செலவு வைக்கும்.

ஜூலை, ஆகஸ்டு மதியத்தில் மணல் செருப்பில்லாமல் நடக்க முடியாத அளவு சுடும். திரும்பி வரும்போது பெரியவர்களே பாதி வழியில் துண்டை விரித்து அதன்மேல் நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஓடுவதைப் பார்க்கலாம். பத்து மணிக்கு முன் மணலில் விளையாட ஒரு முறை, நான்கு மணிக்குப் பின் ஒரு முறை என்று பிரித்துக்கொண்டு நடுவே அறைக்கு வந்து சாப்பிட்டுத் தூங்குவதற்குத்தான் கடற்கரை மோட்டலுக்குக் கூடுதல் காசு கொடுக்கிறோம். போர்டுவாக்கில் கையில் தின்பண்டத்தோடு நடந்தால் கடற்காகங்கள் பின்னாலிருந்து பாய்ந்து பிடுங்கும். பக்கத்து ஓஷன் சிட்டியில் அவற்றை விரட்ட 2019இல் பருந்துகளையும் வல்லூறுகளையும் பழக்குபவர்களை அமர்த்த வேண்டியிருந்தது என்றால் தொல்லையின் அளவு புரியும். குழந்தையின் கையில் இருக்கும் பொட்டலத்தின்மேல் உங்கள் கை இருக்கட்டும்.

மழை பிடித்துக்கொண்ட நாளுக்குக் கேப் மேயிலிருந்து டெலவேர் மாநிலத்தின் லூயிஸ் ஊருக்குப் போகும் கப்பல் உண்டு. 1964 முதல் ஓடும் இந்தப் பயணம் 85 நிமிடம், ஆண்டு முழுதும் நடக்கிறது; காரை ஏற்றாமல் நடைபயணியாகப் போய் அப்படியே திரும்பினால் செலவும் குறைவு. கோடையில் வழியில் டால்பின்கள் தென்படுவதுண்டு. என் அப்பா தம் 72ஆம் வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேல்தளத்தில் முழு நேரமும் நின்றே வந்தார்.

கிளம்பும் காலையில்

அறையைக் காலி செய்யும் நேரம் பெரும்பாலும் பத்து மணி. கிளம்பும் நாளிலும் கடலில் இறங்க ஆசைப்படும் பிள்ளைகளுக்காக, சாவியை ஒப்படைத்த பிறகு வெளிக் குளியலறையையும் வாகன நிறுத்தத்தையும் மதியம் வரை பயன்படுத்தலாமா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். செப்டம்பரில் பெரும்பாலும் சரி என்பார்கள், ஜூலையில் அடுத்த குடும்பத்தின் கார் வெளியே காத்துக்கொண்டிருக்கும். மணலை அறைக் குளியல் தொட்டியில் கழுவாமல், கடற்கரை நுழைவாயிலில் இருக்கும் கால் கழுவும் குழாயிலேயே உதறிவிடுங்கள். அடைத்துக்கொண்ட வடிகுழாய்க்கு முன்பணத்தில் பிடித்தம் செய்தவர்களும் உண்டு. அறை பிடித்திருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, வரவேற்பறையில் அடுத்த ஆண்டுக்கு அதே அறையைக் கேட்டுவிட்டே காரில் ஏறுங்கள். பழைய வாடிக்கையாளர்களுக்கு ஜனவரி வரை அறையைப் பிடித்துவைக்கும் பழக்கம் பல குடும்ப மோட்டல்களில் இன்னும் இருக்கிறது.